கூட்டாமல் குறைக்காமல்

மன்னிக்க வேண்டும், போதகர் ஐயா. இந்தக் கடிதத்தை என்னால் மொழிபெயர்க்க முடியாது. கையெழுத்து ஒரு காரணம் இல்லை. உங்கள் கையெழுத்து சுமார்தான், ஆனாலும் படித்துவிட முடிகிறது. மூன்றாவது வரியில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. பிழையான தகவலை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பது என் வழக்கம் இல்லை.

'எங்கள் சபையை முன்பின் அறியாத தாங்கள், எங்கள் உள்ளங்களில் மறைந்திருந்ததை எடுத்துச் சொன்னது தேவனுடைய வெளிப்பாடு' என்று விசேஷக் கூட்டத்துக்கு வந்துபோன பிரசங்கியாருக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்படி எதையும் எடுத்துச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். தண்ணீரும் வேண்டாம். நீதிமன்றத்தில் மூன்று மணி நேரம் தொண்டை நனைக்காமல் பேசிப் பழகியவன் நான். செயலாளர் அண்ணன் பேனாவை எடுத்துக்கொண்டால் நல்லது. போன ஞாயிறு என்னை மூப்பராகத் தேர்ந்தெடுத்த கமிட்டி இது. பதிவேட்டில் சரியாக ஏற வேண்டும்.

இருபத்தேழு வருஷம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வழக்குக்கும் முன்னால் உறுதிமொழி எடுப்போம். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று. மற்றவர்களுக்கு அது வாயில் ஓடுகிற வார்த்தை. ஒரு தடவை கூண்டில் நின்றவன் நீதிபதியைப் பார்த்து அசிங்கமாக ஒன்று சொன்னான். வேறு யாராவது இருந்தால் 'கோபத்தை வெளிப்படுத்துகிறார்' என்று மழுப்பியிருப்பார்கள். நான் அந்த வார்த்தையை அதே சத்தத்தில், அதே மாதிரி விரலை நீட்டி நீதிபதிக்குச் சொன்னேன். நீதிபதி அரை நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் குறை சொல்ல அவரால் முடியவில்லை.

இந்தக் குணம் உத்தியோகத்தில் வந்தது இல்லை. பதினாறு வயதில், சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனையில் முழங்காலில் நின்று, இனி பொய் சொல்வதில்லை என்று ஆண்டவரிடம் சொன்னேன். கூட நின்ற பதினான்கு பேரும் சொன்னார்கள். நான் கடைப்பிடித்தேன். கல்யாணமான புதிதில் என் மனைவி கண்ணாடி முன்னால் நின்று, "இந்த நிறம் எனக்கு எடுக்குதாங்க?" என்று கேட்பாள். எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்பேன். ஒரு வருஷத்துக்குள் கேட்பதை விட்டுவிட்டாள். சபையில் எனக்கு 'அட்சரம்' என்று பட்டப்பெயர் இருப்பதும் தெரியும். என் முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுகிறீர்கள். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை, அது சரியான பெயர்.

இப்போது என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், நம் பாட்டுக்குழுவுக்கும் அவன்தான் தலைவன். சபையில் அவனைப் பிடிக்காத ஆள் இல்லை. காரணம் எளிது. அவன் பொய் சொல்வான்.

பெரிய பொய் இல்லை. கடைக்கு யார் வந்தாலும், "இந்த ஃபிரேம் உங்க முகத்துக்குன்னே செஞ்சது" என்பான். ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடப்பவரிடம், "போன வாரத்துக்கு இப்ப எவ்வளவோ தெளிவு" என்பான். பாட்டுக்குழுவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தாரே, பதினொரு வருஷமாக அவர் குரல் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போகும். அவரிடம் போய், "டீச்சர், நீங்க இல்லன்னா இந்தக் குழுவே கெடையாது" என்பான். சொல்லிவிட்டு, ஆர்கன் பெட்டியின் சத்தம் அதிகம் வரும் பக்கமாகப் பார்த்து அவருக்கு இடம் போடுவான். பொய் சொன்னதோடு நிற்காமல் அதற்குப் பந்தோபஸ்தும் செய்கிறவன்.

மூப்பர் பதவிக்கு அவன் பெயரும் என் பெயரும் வந்தபோது, அவனுக்கு எத்தனை கை உயரும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். எனக்கு எத்தனை என்பதும் தெரியும், அதற்கு விரல்களே போதும். பதவிக்காக நான் எதையும் செய்யவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் விசேஷக் கூட்டத்துக்குப் பிரசங்கியாரை அழைத்தது நீங்கள், ஐயா. கிறிஸ்தவனின் நேர்மை என்பது தலைப்பு. உயரமான, மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். நம் பேச்சில் ஒரு சொல் தெரியாது. அவருக்கு ஒரு ஒலிவாங்கி, பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்று. அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம்.

முதல் நாள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தன் ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவர், யார் மனதும் நோகக்கூடாது என்று எல்லாக் கடிகாரமும் சரியாக ஓடுகிறது என்பாராம். அவரை இளவயதில் தான் மிகவும் அலட்சியமாக நினைத்ததாகவும், அது தன் தவறு என்று பிற்பாடு விளங்கியதாகவும் பிரசங்கியார் சொன்னார். ரொம்ப நீளமாகச் சொன்னார். சபை கொட்டாவி விட்டது. மூன்றாவது வரிசையில் 'கப்பல்' என்று நீங்கள் கூப்பிடும் பெரியவர் குறட்டையே விட்டார். அது என் ஒலிவாங்கியிலும் விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் மச்சான் மேடைக்கு வந்து பிரசங்கியாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், பிரசங்கம் பிரமாதம்னு சொல்லுங்க. ஒரு நிமிஷம்கூட கண்ணை எடுக்க முடியலன்னு சொல்லுங்க" என்றான்.

அவன் இரண்டு தடவை தூங்கி விழுந்ததை மேடையிலிருந்து பார்த்தவன் நான். ஆனாலும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளன் சொல்லித்தான் ஆக வேண்டும். நாற்பத்தைந்து வருஷமாகப் பொய் ஏறாத வாய் இது. அதில் தன் பொய்யை ஏற்றிவிட்டு, என் தோளைத் தட்டி, "உங்க குரலும் இன்னைக்குக் கணீர்னு இருந்துச்சு அத்தான்" என்றான். எனக்கு அன்று ஜலதோஷம்.

இரண்டாம் நாள் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். பிரசங்கியார் மறுபடியும் கடிகாரக்காரர் கதைக்கு வந்தார். நம் சபையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் யாரும் இல்லை. கேட்பவர்களுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று, மூக்குக்கண்ணாடிக்காரர் ஆக்கினேன். ஒரு தொழிலை மாற்றினால் அவர் சொல்லும் வசனமும் மாற வேண்டும், இல்லையா. 'கடிகாரம் சரியாக ஓடுகிறது' என்றால் பொருந்தாது. ஆகவே, 'இந்த ஃபிரேம் உங்கள் முகத்துக்கென்றே செய்தது' என்று சொன்னேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. இருநூறு தலைகள் ஒன்றாகப் பாட்டுக்குழுப் பக்கம் திரும்பின. பிரசங்கியார் தன் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் பூத்துவிட்டது, அந்தக் கதையையே இன்னும் பத்து நிமிஷம் இழுத்தார். நான் மகிழ்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். உள்ளங்காலிலிருந்து ஒரு வெதுவெதுப்பு ஏறியது, அவ்வளவுதான். ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மச்சான். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "அவர் நெஜமாவே கண்ணாடிக்கடைன்னா சொன்னாரு?"

"மேடையில நான் சொன்னதை நீ கேட்டியா இல்லையா?" என்றேன்.

"கேட்டேன்."

"அப்புறம் என்ன?"

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால் ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது இரண்டு, இரண்டும் கேள்வி.

மூன்றாம் நாள் நடந்ததுதான் உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரி.

முடிவுக்கு வந்தபோது பிரசங்கியார் குரலைத் தாழ்த்தினார். அவர் சொன்னதை என் குறிப்பேட்டிலிருந்து அப்படியே தருகிறேன். 'அடுத்தவனின் நேர்மையை எடை போட்டுக்கொண்டே தன் நேர்மையைக் காப்பாற்றப் பார்க்கிறவன், அதை ஏற்கனவே இழந்துவிட்டான். அவரவர் இடத்திலேயே இருங்கள். கண்களை மூடி, மௌனமாக, உங்களைப் பற்றி மட்டும் ஆண்டவரிடம் பேசுங்கள்.' நல்ல வாக்கியங்கள். மொழிபெயர்க்கக் கஷ்டமும் இல்லை. நேரம்தான் இல்லை, ஏனென்றால் நான் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தேன்.

நான் சொன்னது இது. "இந்தக் கூடத்தில் ஒருவர் இருக்கிறார். பாடத் தெரியாதவரிடம் நன்றாகப் பாடுகிறீர்கள் என்று வாரம் தவறாமல் சொல்கிறார். அன்பு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். அவர் எழுந்து வரட்டும். ஆண்டவர் முன்பாகவும் சபை முன்பாகவும் உண்மையைச் சொல்லட்டும். ஒன்றையும் மறைக்காமல் சொல்லட்டும்."

அவர் பேசியதைவிட என்னுடையது கொஞ்சம் நீளமாகவே போய்விட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. பிரசங்கியார் கண்ணை மூடிக்கொண்டு மௌன ஜெபத்தில் நின்றார்.

மச்சான் எழுந்தான். அவன் வரமாட்டான், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான், ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள், அது போதும் என்றுதான் எண்ணியிருந்தேன். அவன் படி ஏறி வந்தான். பாட்டுக்குழு அங்கியின் கையை மடித்து விட்டுக்கொண்டான். என் பக்கம் கை நீட்டினான். என் ஒலிவாங்கியைக் கொடுத்தேன்.

"டீச்சர்" என்றான். "உங்க சுருதி சேரல டீச்சர். பதினொரு வருஷமா சேரல."

டீச்சர் பாட்டுப் புத்தகத்தை மூடினார். "அத ஏன்ப்பா அப்பவே சொல்லல?"

"உங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின அடுத்த வாரம் வந்து சேர்ந்தீங்க. எப்படி டீச்சர் சொல்றது?"

டீச்சர் புத்தகத்தை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, அங்கியைக் கழற்றி மடித்து அதன் மேல் வைத்தார். நிதானமாக, ஓரங்களைச் சேர்த்து மடித்தார். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சபைக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'ஒன்றையும் மறைக்காமல்' என்று நான் சொல்லியிருந்தேன், மச்சான் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். கப்பலைப் பார்த்து, "அண்ணே, அந்தத் தங்க ஃபிரேம் உங்களுக்கு நல்லாவே இல்லண்ணே, மூஞ்சி இன்னும் அகலமாத் தெரியுது" என்றான். கப்பல் உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு வெளியே போகும்போது படி தெரியாமல், வாசலில் நின்ற இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு விழுந்தார்.

அடுத்தது நீங்கள், ஐயா. நீங்கள் மேடையிலேயே இருந்தீர்கள், திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பதிவேட்டில் வர வேண்டும். "ஐயா, ஒவ்வொரு ஞாயிறும் வாசல்ல ஒங்க கையைப் புடிச்சு, பிரசங்கம் ஆசீர்வாதமா இருந்துச்சுன்னு சொல்வேன். பாதி நாளு நான் தூங்கிட்டேன் ஐயா. மீதி நாளு கடையைப் பத்தி யோசிச்சேன்." இப்படித்தான் சொன்னான். எழுதிக்கொண்டீர்களா, அண்ணே? 'மீதி நாள்' என்பதையும்.

அதற்குள் மற்றவர்களுக்கும் ஆவேசம் வந்துவிட்டது. ஒரு நாத்தனார் எழுந்து தன் அண்ணியிடம், அவள் ஆசையாகப் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைக் கால்மிதியாகப் போட்டிருப்பதாகச் சொன்னாள். அண்ணி பதிலுக்கு ஒரு உண்மை சொன்னாள். அதை நான் இங்கே சொல்லத் தேவையில்லை, செயலாளர் அண்ணனின் வீட்டு விஷயம். சத்தம் கேட்டுப் பிரசங்கியார் கண்ணைத் திறந்தார்.

"என்ன நடக்கிறது?" என்று தன் மொழியில் என்னிடம் கேட்டார்.

"ஜனங்கள் உண்மை பேசுகிறார்கள்" என்றேன்.

இதிலும் பொய் இல்லை. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருஷ ஊழியத்தில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

கடைசியாக மச்சான் முன்வரிசைக்குத் திரும்பினான். என் மனைவி உட்கார்ந்திருந்த இடம்.

"அக்கா" என்றான். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் கடைக்கு வந்தியே. இனிமே அந்த வீட்ல இருக்க முடியாதுன்னு அழுதியே. நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அத்தான் காலைல வந்தாரு, ஒன்னைப் பத்தியே பேசினாரு, நீ இல்லாட்டி வீடு வீடா இருக்காதுன்னு சொன்னாருன்னு சொன்னேன். நீ பெட்டியோட திரும்பிப் போன. அவர் அப்படிச் சொல்லலக்கா. நான்தான் சொன்னேன்."

அவள் பெட்டி கட்டியதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் எழுந்து நின்று, தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அன்னைக்குக் கடைக்குப் போனீங்களா?"

மச்சான் ஒலிவாங்கியை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "போனேன்" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு நல்ல ஞாபகசக்தி. "என் மூக்குக்கண்ணாடில ஒரு திருகு லூசா இருந்துச்சு. அதை முடுக்கப் போனேன்" என்றேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

பிறகு, பழக்கதோஷம், அதைப் பிரசங்கியாருக்கும் அவர் மொழியில் சொன்னேன். திருகு என்பதற்கு அங்கே இரண்டு சொல் உண்டு. சரியானதைத்தான் போட்டேன். அவர் அதை ஏதோ உவமை என்று நினைத்து, ஆமென் என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. ஆக, வெளிப்பாடு என்று நீங்கள் எழுதியிருப்பது என்னுடையது. சபை அதைக் கேட்டு நடுங்கியது என்கிறீர்கள், அடுத்த வருஷமும் அவரையே கூப்பிட வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. அவர் நல்லவர், ஆனால் அவர் சொன்ன கதைக்கு நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். யாருடைய வார்த்தைக்கு இருநூறு பேர் திரும்பினார்கள் என்பது ஒரு கடிதத்தில் தவறாகப் போய்விடக்கூடாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் முகத்தை ஏன் அப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாட்டுக்குழுவில் இப்போது நான்கு பேர்தான். மூப்பர் தேர்தலிலிருந்து மச்சான் தன் பெயரை விலக்கிக்கொண்டான். அவன் கடைப்பக்கம் போன வாரம் போனேன், கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு பெண் ஃபிரேமைப் போட்டுக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்கிறாள். அவன் ஒன்றும் பேசாமல் கைக்கண்ணாடியை நீட்டிவிட்டுத் தரையைப் பார்க்கிறான். அவள் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். பொய் சொல்வதை நிறுத்திவிட்டான். அவனுக்கு நான் செய்த நன்மை அது. ஒருநாள் அவனுக்கே புரியும்.

என் மனைவி அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை தையல் மெஷினை எடுக்க இரண்டு பேருமாக வந்தார்கள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றான். அவள் வாசற்படியில் நின்றாள். கூட்டத்துக்குப் போட்டிருந்த அதே நீல நிறம். அவளுக்கு அது எடுக்கும். நான் அவளிடம் சொன்னதில்லை, அவள் கேட்பதை விட்டு ரொம்ப வருஷமாகிவிட்டது.

"ஒரே ஒரு தடவை போகாதேன்னு சொல்லுங்க" என்றாள். "பொய்யா இருந்தாலும் பரவால்லங்க. நான் இருந்துடுறேன்."

"நான் பொய் சொல்றதில்ல" என்றேன்.

"வா அக்கா" என்றான் மச்சான். மெஷின் கனம் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. மெஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு கால் தடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான், போகாதே என்று சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்காது என்று தெரிந்தது.

ஆனால் அவள் கேட்டது மூன்று மணிக்கு. எனக்குத் தெரிந்தது ஐந்தரைக்கு. மூன்று மணிக்கு அது பொய்தான், ஐயா.